உங்கட ஊர் எந்தப் பிரிவு? சனத்தொகையும் நிர்வாகமும் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு ஊர்க் காணி, ஊர் வாக்கு, ஊர்ப் பிறப்புப் பதிவு என்று படிவம் நிரப்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வடக்கு, கிழக்கிலிருந்து வருகின்றன. மலையகத்துக்கு 12ஆம் கேள்வியைப் பாருங்கள்.

1. ஊர் எண்டா ஜீ.எஸ். பிரிவுதானே? ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஊர் என்பது சனம் சொல்லும் பெயர். கோயில், குளம், பள்ளிக்கூடம், பழக்கம் எல்லாம் சேர்ந்து அதன் எல்லையைத் தீர்மானிக்கும். அரசாங்கப் பதிவுகளில் அடிப்படை அலகு கிராம அலுவலர் பிரிவு, வாய்வழக்கில் ஜீ.எஸ். பிரிவு. அதற்கு வரைபடத்தில் கோடும், பெயரும், எண்ணும் உண்டு.

ஒரு பெரிய ஊர் பல பிரிவுகளாக உடைந்திருக்கும். கொக்குவிலைப் போல, பெயரோடு கிழக்கு, மேற்கு என்று திசை ஒட்டிக்கொண்டு வரும். வன்னியில் இதற்கு மறுதலை: நாலைந்து சிற்றூர்கள் ஒரே பிரிவுக்குள் அடங்கிவிடும், அந்தச் சிற்றூர்களில் ஒன்றின் பெயர்தான் பிரிவின் பெயராக இருக்கும். அதனால் “என் ஊரின் சனத்தொகை என்ன” என்று கேட்கும்போது கிடைப்பது பெரும்பாலும் பிரிவின் சனத்தொகைதான்.

2. மாகாணம், மாவட்டம், பிரதேசம் எண்டு போகுதே, எங்கட ஊர் எந்தப் படியில வருது?

மேலிருந்து கீழே நான்கு படிகள்: 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள், அவற்றுக்குக் கீழே பிரதேச செயலகப் பிரிவுகள், கடைசிப் படியில் 14,000க்குச் சற்று மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள். நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடியே 17 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு பிரிவுக்குச் சராசரி 1,500 சொச்சம் பேர். ஆனால் கொழும்பு நகரப் பிரிவுகளில் பலவற்றில் அதைப்போல் பல மடங்கு சனம் நெருக்கி இருக்கும், யாழ்ப்பாணத் தீவகத்துப் பிரிவுகள் பலவற்றில் சில நூறு பேர்தான்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். கொழும்பு மாவட்டத்தில் 13 செயலகங்கள், 557 பிரிவுகள். நெடுந்தீவு தனியாக ஒரு பிரதேச செயலகம். அதற்குள் ஆறே ஆறு கிராம அலுவலர் பிரிவுகள்.

3. ஜீ.எஸ்., கிராம சேவகர், கிராம அலுவலர், விதானையார்: இது நாலு பேரா, ஒராளா?

ஒரே ஆள். விதானை முறை 1963இல் ஒழிக்கப்பட்டு ‘கிராம சேவகர்’ வந்தார். பின்னர் பதவியின் பெயர் ‘கிராம அலுவலர்’, ‘கிராம உத்தியோகத்தர்’ என்று மாறியது. வாய்வழக்கில் இன்னும் ஜீ.எஸ். என்றால்தான் விளங்கும். வயதானவர்கள் விதானையார் என்பார்கள், மரியாதையும் அதில்தான் கூட. கொழும்பு அலுவலகங்களில் சிங்களத்தில் ‘வசம’ எது என்று கேட்டால், அது உங்கள் கிராம அலுவலர் பிரிவைத்தான்.

அவர் வாரம் முழுக்க மேசையில் இருக்க மாட்டார். செவ்வாய், வியாழன், சனி காலை என்பது பரவலான வழக்கம், மற்ற நாட்களில் வெளிக்கள வேலையும் செயலகக் கூட்டமும் இருக்கும். பஸ் ஏறி ஊர் போகிறவர்கள் முதல் நாளே ஒரு போன் எடுத்துக் கேட்டுவிடுவது புத்தி.

4. எங்கட ஊர் எந்தப் பிரிவு எண்டு கொழும்பில இருந்தே கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். மிகச் சுலபமான வழி வாக்காளர் இடாப்பு. ஊரில் வாக்குள்ள உறவினர் ஒருவரின் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடினால் மாவட்டம், தொகுதி, கிராம அலுவலர் பிரிவு எல்லாம் வரும். இரண்டாவது, அந்தப் பிரதேச செயலகத்தின் இணையத்தளம். பலவற்றில் பிரிவுகளின் பட்டியலும் அலுவலர் தொலைபேசி எண்களும் உண்டு. எந்தச் செயலகம் என்பதே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு 1919ஐ அழுத்துங்கள், தமிழில் பேசலாம்.

காணி விஷயம் என்றால் பெயர் மட்டும் போதாது. கூகுள் வரைபடத்தில் ஊர்ப் பெயர் விழும் புள்ளி பிரிவின் எல்லையைக் காட்டாது. ஒழுங்கையின் ஒரு பக்கம் ஒரு பிரிவும் மறுபக்கம் இன்னொரு பிரிவுமாக இருப்பது சர்வசாதாரணம். “பக்கத்து வளவுக்காரர் எந்த ஜீ.எஸ்.ஸிட்டப் போறவர்?” என்று ஊரில் கேட்பதைவிட விரைவான வழி இல்லை. எழுத்தில் வேண்டுமானால் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள் உண்டு. 1:50,000 அளவில் முழு இலங்கையும் 92 தாள்கள். நாரஹேன்பிட்டிப் பக்கம் கிருல வீதியிலுள்ள தலைமையகத்தில் வாங்கலாம்.

கண்டுபிடித்ததும் பெயரோடு எண்ணையும் எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் அது ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும், நெடுந்தீவு மேற்கு ஜே/1. தெல்லிப்பளையா தெல்லிப்பழையா, ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’லா இரண்டு ‘எல்’லா என்ற சண்டையெல்லாம் எண்ணுக்கு இல்லை. பெயர் எழுத்துப் பிழையால் திரும்பி வரும் படிவங்களில் பெரும்பாலானவை எண் எழுதியிருந்தால் தப்பியிருக்கும்.

5. டி.எஸ். ஒஃபிசும் பிரதேச சபையும் ஒண்டா? ரெண்டிலயும் ‘பிரதேச’ எண்டுதானே இருக்கு?

பெயர் ஒட்டுகிறதே தவிர ஆள் வேறு, அதிகாரம் வேறு. பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் கை. முன்பு உதவி அரசாங்க அதிபர் பிரிவு என்றிருந்ததற்கு 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் இப்போதைய அதிகாரங்களைக் கொடுத்தது. பழையவர்கள் அதனால்தான் இன்னும் ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’ என்கிறார்கள். சான்றிதழ், அரச காணி அனுமதிப்பத்திரம், நிவாரணம், ஓய்வூதியம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் இங்கே. இதற்கு மேலே கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம்.

பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் சபை. உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, நூலகம், குப்பை, வீட்டு வரைபட அனுமதி, சோலைவரி இவை அதன் வேலை. ஜீ.எஸ்.ஸிடம் தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடுவதும், சபைத் தவிசாளரிடம் வதிவிடச் சான்று கேட்பதும் வீண் நடை.

எல்லைகளும் எப்போதும் பொருந்துவதில்லை. யாழ். மாவட்டத்தில் 15 செயலகங்கள், ஆனால் உள்ளூராட்சி மன்றங்கள் 17: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். தாளையடி, செம்பியன்பற்றுக்காரருக்குச் செயலகம் மருதங்கேணி, சபையோ பருத்தித்துறைப் பிரதேச சபை. தேர்தல் வரைபடம் இன்னொரு கதை. நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. கிளிநொச்சிக்காரர் வாக்குப் போடுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னி. படிவத்தில் ‘மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் நிர்வாக மாவட்டத்தை எழுதுங்கள்.

6. படிவத்தில ‘மண்முனை தென் எருவில் பற்று’ எண்டு கிடக்கு. நாங்க களுவாஞ்சிக்குடி ஆக்கள். பிழையா பதிஞ்சிட்டாங்களா?

பிழையில்லை. மட்டக்களப்பில் செயலகப் பிரிவுகளுக்குப் பழைய ‘பற்று’ப் பெயர்கள்தான் உத்தியோகபூர்வப் பெயர்கள், சனம் சொல்வது செயலகக் கட்டடம் இருக்கும் ஊரை. செங்கலடி என்றால் ஏறாவூர்ப் பற்று, வாழைச்சேனை என்றால் கோறளைப் பற்று, வெல்லாவெளி என்றால் போரதீவுப் பற்று, ஆரையம்பதி என்றால் மண்முனைப் பற்று, வாகரை என்றால் கோறளைப் பற்று வடக்கு.

யாழ்ப்பாணத்திலும் இதே கூத்து உண்டு. உடுவில் என்பது வலிகாமம் தெற்கு, சங்கானை வலிகாமம் மேற்கு, சண்டிலிப்பாய் வலிகாமம் தென்மேற்கு, கோப்பாய் வலிகாமம் கிழக்கு, கரவெட்டி வடமராட்சி தென்மேற்கு. கொழும்பு அலுவலகக் கணினியில் ஒரு பெயர்தான் பட்டியலில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் மற்றதைத் தேடச் சொல்லுங்கள்.

7. எங்கட ஊரில எத்தின சனம் எண்டு எங்க பாக்கலாம்?

தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் 2012 கணக்கெடுப்பின் கிராம அலுவலர் பிரிவு வாரியான அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது. ஆண், பெண், வயது, இனம், மதம் என்று பிரித்திருக்கும். தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. அதற்கடுத்த கணக்கெடுப்பு ஆட்களை எண்ண அடிப்படையாக எடுத்த நாள் 2024 டிசம்பர் 19. அதன் பிரிவு மட்டத் தொகை வேண்டுமானால் செயலகத்தில் இருக்கும் புள்ளிவிபர உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

இதைவிட அண்மைய எண் செயலகம் தயாரிக்கும் வளத்திரட்டிலும் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டிலும் கிடைக்கும். குளம், கிணறு, பாடசாலை, வீடில்லாக் குடும்பம் எல்லாம் பிரிவுவாரியாக இருக்கும். ஊர் மலர் தயாரிப்பவர்களுக்கு இது பொக்கிஷம். பழைய காலத்துக்குப் போகிறவர்கள் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம். 1871இல் தொடங்கிய கணக்கெடுப்புகளில் 1911க்கு ஊர்வாரித் தொகுதி உண்டு. அதில் அலகு ‘ஊர்’. இன்றைய பிரிவோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு இடறும்.

8. ஜீ.எஸ். சொல்றது ஒரு கணக்கு, இணையத்தில இன்னொண்டு, வாக்காளர் தொகை வேற. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனெனில் மூன்றும் எண்ணுவது வெவ்வேறு ஆட்களை. ஒரு வீட்டை எடுத்துப் பாருங்கள். தாய், தகப்பன் ஊரில். மூத்த மகன் வெள்ளவத்தையில் வேலை. மகள் கனடாவில். கடைக்குட்டி 16 வயதில் வீட்டோடு. கணக்கெடுப்பு வழமையாக வசிக்கும் இடத்தில்தான் ஆளை எண்ணும். ஆக அந்த வீட்டில் மூன்று பேர், மகன் கொழும்புக் கணக்கில். வாக்காளர் இடாப்பில் தாய், தகப்பனோடு மகனும் இருக்கலாம், மகளின் பெயரும் வெட்டப்படாமல் கிடக்கலாம். கடைக்குட்டிக்கு வயது காணாது. ஆக நான்கு. கிராம அலுவலரின் குடும்பப் பதிவில் ஐந்து பேரும் இருப்பார்கள், யாராவது போய்ப் பெயரை எடுக்கும் வரை. ஒரே வீடு, மூன்று எண்கள்.

‘குடும்பம்’ என்ற சொல்லும் இடறும். கணக்கெடுப்பில் குடித்தனம் என்பது ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு கூரைக்குக் கீழே கலியாணம் முடித்த மகளும் தாயும் இருவேறு உலை வைத்தால் குடித்தனம் இரண்டு, ஒரே உலை என்றால் ஒன்று. ஜீ.எஸ். பதிவிலோ மகள் கலியாணம் முடித்ததும் தனிக் குடும்பம், உலை எத்தனை என்பது கணக்கில்லை. நிவாரணம் குடும்பத்துக்கு என்று வரும்போது குடும்ப எண்ணிக்கை மெல்ல ஏறுவதும் இதனால்தான்.

எதை எடுப்பது என்பது தேவையைப் பொறுத்தது. ஆய்வுக்கும் ஒப்பீட்டுக்கும் கணக்கெடுப்பு. ஊர்ச் சங்கம் நிவாரணம் கொடுக்க ஜீ.எஸ். பதிவு. சின்னப் பிள்ளைகளின் தொகை மட்டும் வேண்டுமென்றால் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டை நம்புங்கள். கர்ப்பத்திலிருந்தே வீடு வீடாகப் போகிறவர் அவர். அவரது பகுதி சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வருவது, ஜீ.எஸ். பிரிவோடு கோட்டுக்குக் கோடு பொருந்தாது. எந்த எண்ணை எடுத்தாலும் ஆண்டையும் எங்கிருந்து எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாத எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

9. ஒருத்தரும் இருக்காத ஊருக்கு இருநூறு குடும்பம் எண்டு போட்டிருக்கு. அதெப்பிடி?

பதிவு வேறு, இருப்பு வேறு. பலாலிப் பக்கத்து வலிகாமம் வடக்குக் கிராமங்களைப் போல உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன ஊர்களின் பிரிவுகள் ஒழிக்கப்படவில்லை. கிராம அலுவலர் வேறிடத்திலிருந்து கடமை பார்ப்பார், இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவரது பதிவில் தொடரும். செயலக அட்டவணைகளில் ‘பதிவு செய்யப்பட்ட குடும்பங்கள்’, ‘தற்போது வசிக்கும் குடும்பங்கள்’ என இரு நிரல்கள் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். காணி விடுபட்டு மீளக்குடியேறும்போது முதல் நிரல்தான் உங்கள் உரிமையைக் காட்டும் சாட்சி. பெயர் அங்கே இருக்கிறதா என்று ஒரு முறை உறுதிப்படுத்தி வையுங்கள்.

10. 1981க்கும் 2012க்கும் இடையில ஊர்க் கணக்கே காணேல்லையே?

எடுக்கவில்லை, அதனால் இல்லை. 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001 யூலையில் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவில் நடக்கவில்லை. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பில் அரைகுறை. 31 ஆண்டுகளுக்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணியது 2012இல்தான். யாழ். மாவட்டம் இன்றைய எல்லைப்படி 1981இல் 7 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல், 2012இல் சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம்.

மாவட்ட மட்டத்தில் இப்படி ஒப்பிடலாம். பிரிவு மட்டத்தில் கவனம் வேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பெரிய பிரிவுகள் பல சிறியவையாக உடைக்கப்பட்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் 1981இன் பிரிவும் 2012இன் பிரிவும் ஒரே நிலப்பரப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

11. சுன்னாகம் நல்ல டவுன்தானே, ஏன் கிராமம் எண்டு போட்டிருக்கு?

கடையும் பஸ் நிலையமும் எண்ணப்படுவதில்லை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம், பிரதேச சபை என்றால் கிராமம், அவ்வளவுதான் இலங்கையின் வரைவிலக்கணம். சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்கும் முன்பு பட்டின சபைகள் இருந்தன. 1987 சட்டத்தோடு அவை பிரதேச சபைகளுக்குள் கரைந்தன, புள்ளிவிபரத்தில் இரண்டும் கிராமமாகின. நாடு முழுக்க நகர வாசிகளின் பங்கு 1981இல் 21.5 சதவீதமாக இருந்து 2012இல் 18.2 ஆகக் குறைந்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பெயர் மாற்றம்தான். நகரங்கள் சுருங்கவில்லை. கொழும்பின் தோளோடு ஒட்டியிருக்கும் கொட்டிகாவத்தை, முல்லேரியாப் பகுதியையும் 2012 கணக்கு ‘கிராமம்’ என்றே சொல்லும். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

12. நாங்க தோட்டத்துல இருந்து வந்தவங்க. ஊர்னு எதைப் போடுறது? தோட்டப் பேரா, டிவிஷனா?

கணக்கெடுப்பில் ‘தோட்டம்’ தனித் துறை: 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, 10 தொழிலாளராவது அங்கேயே குடியிருக்கும் பெருந்தோட்டம். நகரம், கிராமம் இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக நிற்கும். தோட்டத்து ‘டிவிஷன்’ கம்பனியின் பிரிவு, அரசாங்கப் பிரிவில்லை. ஆகவே முகவரியில் லயன், டிவிஷன், தோட்டம், தபாலகம் என்று எழுதலாம், ஆனால் ‘கிராம அலுவலர் பிரிவு’ என்ற கட்டத்தில் பிரிவின் பெயரும் எண்ணும் தான் வர வேண்டும். ஒரு பெரிய தோட்டம் இரண்டு பிரிவுகளில் பரவிக் கிடக்கலாம், அதனால் தோட்டத்து ஒஃபிசில் கேட்டதை ஜீ.எஸ்.ஸிடமும் உறுதிப்படுத்துங்கள்.

பழைய கடதாசியும் புதியதும் முரண்படலாம். நுவரெலியா மாவட்டத்தில் 5 பிரதேச செயலகங்களே இருந்தன. பிறகு பிரித்துத் தலவாக்கலை, நோர்வூட் போன்றவை வந்தன. அம்பகமுவப் பிரதேச சபையும் அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என மூன்றானது. தோட்டத்துக்குள் வீதி போடப் பிரதேச சபைக்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் தளர்ந்தது. “அது கம்பனி ரோடு” என்று இன்னும் யாராவது சொன்னால் அந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

13. என்ர பிறப்பத்தாட்சியில ‘யாழ்ப்பாண மாவட்டம்’ எண்டு இருக்கு, ஊர் இப்ப கிளிநொச்சி. மாத்த வேணுமா?

மாற்ற வேண்டாம். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் பிறந்தவருக்கு யாழ்ப்பாணம் என்றிருப்பதுதான் சரி. பச்சிலைப்பள்ளியும் அப்படியே: பழைய யாழ்ப்பாணப் பிரிவுகளில் ஒன்று, இன்று கிளிநொச்சியின் நான்கு செயலகங்களில் ஒன்று. முல்லைத்தீவு 1978இல் பெரும்பாலும் வவுனியாவிலிருந்து, அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து, கம்பஹா 1978இல் கொழும்பிலிருந்து பிரிந்தவை. பிறந்த மாவட்டம் என்ற கட்டத்தில் அத்தாட்சியில் உள்ளது. தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் இன்றைய மாவட்டம்.

அத்தாட்சியில் வரும் ‘பதிவாளர் பிரிவு’ கிராம அலுவலர் பிரிவு அல்ல, அது பிறப்பு இறப்புப் பதிவாளரின் எல்லை. இரண்டையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை. பிரதி எடுக்க ஊருக்கு ஓட வேண்டியதில்லை. பதிவு கணினியில் ஏறியிருந்தால் கொழும்பிலுள்ள செயலகத்திலும் எடுக்கலாம்.

14. காணி உறுதியில ‘கோயிற்பற்று’ எண்டு ஒரு ஊர் கிடக்கு. அப்பிடி ஒரு பிரிவு இல்லையாமே?

கோயிற்பற்று போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலய எல்லை. நிர்வாகத்திலிருந்து மறைந்து நெடுங்காலம், ஆனால் யாழ்ப்பாணத்து உறுதிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது, நொத்தாரிசுமார் முந்திய உறுதியைப் பார்த்துப் பார்த்து எழுதியதால். உறுதியின் அட்டவணையை நீங்களாக ‘திருத்த’ வேண்டாம். புதிய உறுதி எழுதும்போது பழைய விவரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைய கிராம அலுவலர் பிரிவு, எண், பிரதேச செயலகம், மாவட்டம் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பக்கத்தைத் தேடப் பழைய பெயர் வேண்டும், வங்கிக்குப் புதியது வேண்டும்.

15. நாங்க இருக்கிறது வெள்ளவத்தை. ஊர் ஜீ.எஸ். வதிவிடச் சான்று தருவாரா?

‘இங்கே வசிக்கிறார்’ என்று தர மாட்டார், தரவும் கூடாது. நீங்கள் இன்று வசிக்கும் பிரிவின் அலுவலர்தான் அதைத் தர வேண்டும். ஊர் அலுவலர் உறுதிப்படுத்தக்கூடியது குடும்பத்தின் நிரந்தர முகவரி, அங்கே காணி இருப்பது, இடம்பெயர்ந்தது போன்றவை.

வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்குள், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள், தெஹிவளை தனிச் செயலகத்துக்குள். ‘கொழும்பு 6’ என்பது தபால் வலயம் மட்டுமே, அதற்குள் பல கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு. நகரத்துக்குள் என்ன ‘கிராம’ அலுவலர் என்று கேட்காதீர்கள், பதவிப் பெயர் நாடு முழுக்க ஒன்றே. அடையாள அட்டை, மின்பட்டியல், வாடகை வீடென்றால் ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் கடிதம், வாக்காளர் பதிவின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். அலுவலர் கையொப்பமும் முத்திரையும் வைத்த பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் எடுக்க வேண்டும். மேலொப்பம் வைத்த நாளிலிருந்து 6 மாதம் செல்லும். கடதாசி திரும்பி வருவதற்கான காரணங்கள் மூன்றுதான்: தேவை என்ன என்ற கட்டம் வெறுமை, மேலொப்பம் இல்லை, ஆறு மாதம் தாண்டிவிட்டது.

16. வாக்கை ஊரிலயும் கொழும்பிலயும் ரெண்டிலயும் வைக்கலாமா?

கூடாது, ஒரிடத்தில்தான். தகுதித் திகதி இப்போது பெப்ரவரி 1 (முன்பு யூன் 1). கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் பிரதான குடியிருப்பாளர் கையொப்பமிட வேண்டும். அடுக்குமாடிகளில் படிவம் காவலாளி மேசையோடு நின்றுவிடுவதுதான் கொழும்பில் பலருக்குப் பெயர் விடுபடக் காரணம். ஆண்டுதோறும் இணையத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு இரு பக்கமும் விலை உண்டு. பிள்ளையை முதலாம் வகுப்பில் வீட்டுக்கு அண்மை என்ற அடிப்படையில் கொழும்பில் சேர்க்க வேண்டுமானால் கடந்த 5 ஆண்டு இடாப்பைப் பார்ப்பார்கள், கடைசி வருடம் ஓடிப் பதிந்து பயனில்லை. மறுபக்கம், நாடாளுமன்ற ஆசனங்களில் பெரும்பாலானவை பதிவான வாக்காளர் தொகைப்படிதான் மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. யாழ். தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பேரைத் தெரிவுசெய்தது, 2015இல் 7, 2024இல் 6. சட்டம் கேட்பது வழமையாக வசிக்கும் இடம். குடும்பத்தோடு இருபது வருடம் வெள்ளவத்தையில் இருப்பவர் அங்கே பதிவதுதான் முறை.

17. ஊரில பதிஞ்சா மகளுக்கு யுனிவர்சிட்டிக்கு ஊர் மாவட்டக் கோட்டா கிடைக்குமா?

வாக்காளர் பதிவை வைத்துக் கிடைக்காது. மாவட்டம் எது என்பதை உயர்தரப் பரீட்சைக்கு முந்திய 3 ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே தீர்மானிக்கும். பம்பலப்பிட்டியில் படித்தவர் கொழும்பு மாவட்டம், அப்பாவின் ஊர் எதுவாக இருந்தாலும். அனுமதியில் 40 சதவீதம் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் நுவரெலியா, பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு, கொழும்பு இல்லை. ஊர்ச் சனத்தொகை குறைவதால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறவர்களுக்கு இந்த 55 சதவீதமும் ஒரு பதில்.

18. எங்கட ஊரைப் பிரிச்சுத் தனி ஜீ.எஸ். பிரிவு கேக்கலாமா?

கேட்கலாம். கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் பரிந்துரைத்து மாவட்டச் செயலகம் வழியாக அமைச்சுக்குப் போய், வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். கோரிக்கையில் குடும்பத் தொகை, பரப்பு, அலுவலகத்துக்கான தூரம், முன்மொழியும் எல்லை நான்கும் இருக்க வேண்டும். எல்லைக்கு ஒழுங்கை, வாய்க்கால் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் காட்டுங்கள். ‘இன்னாரின் வளவு வரை’ என்று எழுதினால் வளவு விற்கப்படும்போது எல்லையும் போய்விடும். இரண்டு சமூகங்கள் பக்கம் பக்கமாக வாழும் இடத்தில் கோடு கீறுவது லேசில்லை. கல்முனை வடக்கு உப செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தும் பிரச்சினை எத்தனை அரசாங்கங்களைப் பார்த்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

19. கடிதம் போட்டும் பதில் இல்லை. இனி என்ன செய்யிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ மேன்முறையீட்டைப் பார்க்கவென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் ஆணைக்குழு.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள். “எங்கள் ஊர் பற்றிய விபரம் தருக” என்றால் வளத்திரட்டின் இரண்டு பக்கம் வரும். “இன்ன எண் கிராம அலுவலர் பிரிவில் 2012, 2024 கணக்கெடுப்புகளின்படி சனத்தொகை, இன்றைய திகதியில் பதிவிலுள்ள குடும்பங்கள், வசிக்கும் குடும்பங்கள் தனித்தனியே, பிரிவின் எல்லை வரைபடத்தின் பிரதி” என்று 8ஆம், 9ஆம் கேள்விகளில் சொன்ன வித்தியாசங்களை வைத்து இலக்கமிட்டுக் கேட்டால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். தபாலகத் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள், மேன்முறையீட்டுக்குத் திகதி அதிலிருந்துதான் எண்ண வேண்டிவரும்.